சிபாப் மெஷினைத் தூக்கிப் போடத்தான் ஆபரேஷனா?

ஈரோட்டுக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு வயது 44, ஜவுளி மொத்த வியாபாரம். உயரம் 168 செ.மீ., எடை 116 கிலோ. ஏழு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டபாகிளிஃப்ளோசின் என்று மூன்று மாத்திரை போட்டும் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (எச்பிஏ1சி) 8.9-இல் நிற்கிறது. பிரஷருக்கு இரண்டு மாத்திரை. ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு. போன வருடம் எடுத்த தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 47 முறை மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது, ஆக்சிஜன் 71 வரை இறங்குகிறது என்று ரிப்போர்ட் வந்தது. மாஸ்க் வழியாகக் காற்றை ஊதி மூச்சுக்குழாயைத் திறந்து வைக்கும் சிபாப் மெஷின் வாங்கினார்கள். ஒன்றரை மாதம் போட்டவர் "மூச்சு முட்டுது" என்று கழற்றிவிட்டார். இப்போது அது பீரோ மேல் இருக்கிறது.

கோவையில் ஒரு சர்ஜன், இரைப்பையைச் சிறியதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். கணவரின் கணக்கு: "ஆபரேஷன் பண்ணா வெயிட் குறையும், வெயிட் குறைஞ்சா குறட்டை போயிடும், நடுவுல இந்த மெஷின் எதுக்கு?" வாசகியின் அக்கா வீட்டுக்காரர் இரண்டு வருடம் முன்பு இதே ஆபரேஷனைச் செய்துகொண்டு எல்லாச் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டாராம். மாமியாருக்குச் சம்மதமில்லை. "வாயைக் கட்டினா போதாதா, வயித்தை எதுக்கு அறுக்கணும்?" என்கிறாராம். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில், ஒரு வரி: போன மாதம் சங்ககிரி தாண்டும்போது வண்டி ஓட்டிக்கொண்டே கண் அசந்துவிட்டார், முன்னால் போன லாரி மயிரிழையில் தப்பியது.

அம்மா, நான் சர்க்கரை மருத்துவன். கத்தி பிடிக்கிறவன் அல்லன், கத்திக்கு முன்னும் பின்னும் இருக்கிறவன். உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். ஆனால் நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன அந்த சங்ககிரி விஷயம்தான் எனக்கு முதல் விஷயம். ஆபரேஷன் நடக்க இரண்டு மாதம் ஆகலாம், ஆறு மாதம் ஆகலாம். விபத்து நாளைக்கே நடக்கலாம். ஒழுங்காக மாஸ்க் போட்டுத் தூங்கி, பகல் தூக்கம் விலகிவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை அவர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. டிரைவர் போட்டுக்கொள்ளட்டும், அல்லது பஸ்ஸில் போகட்டும். இதில் பேரம் வேண்டாம்.

ராத்திரி இரண்டு இட்லி, காலையில் 190

"ராத்திரி ரெண்டு இட்லிதான் சாப்பிடுறார், காலையில வெறும் வயித்துல 190 காட்டுது, பொய் சொல்றாரோன்னு சந்தேகமா இருக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். பாவம், அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். மணிக்கு 47 முறை என்றால் சராசரியாக எண்பது விநாடிக்குக் கொஞ்சம் குறைவான நேரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் இறங்கும்போது உடம்பு அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் பொங்குகிறது, கார்டிசால் ஏறுகிறது, கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது. கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் வெளியேறி, இன்சுலின் வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. படுக்கையில் கிடப்பவருடைய உடம்பு ராத்திரி முழுக்க யாரோ துரத்துகிற மாதிரி நடந்துகொள்கிறது. இரண்டு இட்லியின் சர்க்கரையோடு இந்தச் சர்க்கரையும் சேர்ந்துதான் காலையில் மீட்டரில் தெரிகிறது. பிரஷருக்கு இரண்டு மாத்திரை தேவைப்படுவதற்கும் இதில் பங்கு உண்டு.

அப்படியானால் மெஷினை மட்டும் போட்டால் சர்க்கரை சரியாகிவிடுமா? நியாயமான எதிர்பார்ப்புதான், ஆனால் நடப்பது வேறு. 2014-இல் அமெரிக்காவில் பருமனும், தூக்கத்தில் மூச்சு நிற்கும் இந்த ஸ்லீப் ஆப்னியா நோயும் உள்ள 181 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு சிபாப் மட்டும், ஒரு குழுவுக்கு எடைக்குறைப்பு மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும் என்று 24 வாரம் பார்த்தார்கள். இன்சுலின் எதிர்ப்பும் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் எடை குறைத்தவர்களுக்கு இறங்கின. சிபாப் மட்டும் போட்டவர்களுக்குக் குறிப்பிடும்படி இறங்கவில்லை. ஆனால் இரண்டையும் ஒழுங்காகச் செய்தவர்களுக்கு ரத்த அழுத்தம், ஒன்றை மட்டும் செய்தவர்களைவிட நன்றாகக் குறைந்தது. மெஷின் மூச்சுக்குழாயைத் திறந்து வைக்கும், பிரஷருக்கு உதவும், பகல் தூக்கத்தை விரட்டும். 116 கிலோ செய்கிற வளர்சிதை மாற்றக் கோளாறை அது தனியாகத் திருத்தாது. அதற்கு எடை இறங்கியாக வேண்டும்.

ஆபரேஷனில் சர்க்கரைக்கு என்ன ஆகும்

ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். வயிறு சின்னதானதால் சாப்பாடு குறைகிறது, அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். விஷயம் அதைவிடச் சுவாரசியமானது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுக்கப்படும் பகுதியில்தான் சுரக்கிறது. அது போய்விடுவதால் பசியே மட்டுப்படுகிறது. சாப்பாடு சீக்கிரமாகச் சிறுகுடலுக்குப் போவதால் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து, கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது. முதல் சில நாள் கஞ்சித் தண்ணியும் சூப்பும்தான் என்பதால் கல்லீரல் கொழுப்பு மளமளவென்று கரைகிறது. கரையக் கரைய, கல்லீரல் மறுபடி இன்சுலினின் பேச்சைக் கேட்க ஆரம்பிக்கிறது.

அதனால்தான் எடை பெரிதாக இறங்குவதற்கு முன்பே, ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்திலேயே, சர்க்கரை சட்டென்று விழும். 250-இல் இருந்தவர் ஐந்தாம் நாள் 120-உடன் வீட்டுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். இத்தனை வருடம் ஆகியும் எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஆனால் "சர்க்கரை போயிடுமா" என்று கேட்டால் "ஒதுங்கி நிற்கும்" என்பதுதான் என் பதில். ஸ்வீடனில் பல ஆயிரம் பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளில் இரண்டாம் வருடம் 72 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமல் இருந்தார்கள். பதினைந்தாம் வருடம் அது 30 சதவீதம்தான். அதில் பெரும்பாலும் அந்தக் காலத்து ஆபரேஷன் முறைகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை திரும்பியவர்களுக்கு எல்லாம் வீண் என்றும் இல்லை: அதே ஆய்வில் கண், சிறுநீரகம் போன்ற பாதிப்புகள் ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் குறைவாகவே இருந்தன. அமெரிக்காவில் 150 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வை ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது, மூன்று மாத சராசரி 6-க்குள் இருந்தவர்கள் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம், ஸ்லீவ் செய்தவர்களில் 23, பைபாஸ் (இதய பைபாஸ் இல்லை, இரைப்பையைச் சிறியதாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் ஆபரேஷன்) செய்தவர்களில் 29. மருந்தைவிடப் பல மடங்கு மேல்தான். ஆனாலும் நாலில் மூன்று பேருக்கு அந்த அளவு கிடைக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

உங்கள் அக்கா வீட்டுக்காரரோடு ஒப்பிடாதீர்கள். அவருக்கு ஆபரேஷனுக்கு முன் எத்தனை வருடம் சர்க்கரை இருந்தது? இரண்டு வருடமாக இருந்தவரும் ஏழு வருடமாக இருப்பவரும் ஒரே தராசில் நிற்க மாட்டார்கள். வயது, எடை, சர்க்கரை வந்து எத்தனை வருடம், கணையத்தில் இன்னும் எவ்வளவு சுரப்பு மிச்சமிருக்கிறது என்பதைக் காட்டும் சி-பெப்டைடு, இந்த நான்கையும் வைத்து மதிப்பெண் போடும் ஒரு முறையைத் தைவான் மருத்துவர்கள் உருவாக்கினார்கள். உங்கள் கணவர் இன்னும் இன்சுலினுக்குப் போகவில்லை, வயதும் 44தான். இவை நல்ல அறிகுறிகள். ஏழு வருடம் என்பது கொஞ்சம் பின்னால் இழுக்கும். சி-பெப்டைடு பரிசோதனையை எடுத்துக்கொண்டு சர்ஜனிடம் போங்கள். நெஞ்செரிச்சல் உண்டா என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும். ஸ்லீவுக்குப் பிறகு நெஞ்செரிச்சல் கூடலாம், அப்படிப்பட்டவர்களுக்கு பைபாஸ் பொருத்தமாக இருக்கும். சர்க்கரைதான் முக்கியப் பிரச்சினை என்றாலும் பைபாஸ் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

தொண்டை அவ்வளவு வேகமாக மாறாது

இங்கேதான் உங்கள் கணவரின் கணக்கு இடறுகிறது. அந்த 47 என்ற எண்ணை ஏ.எச்.ஐ. என்போம். 5-க்குள் இருந்தால் சாதாரணம், 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது.

எடை குறைந்தால் இந்த எண் இறங்கும், சந்தேகமில்லை. கழுத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு குறைகிறது, வயிறு இளைப்பதால் நுரையீரலுக்கு இடம் கிடைக்கிறது. நாக்குக்குள்ளேயே கொழுப்பு இருக்கிறது, அது கரைவதும் ஒரு பெரிய காரணம் என்று 2020-இல் பென்சில்வேனியாவில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். ஆனால் எவ்வளவு இறங்கும்? ஆபரேஷன் செய்துகொண்ட 342 பேரை உள்ளடக்கிய 12 ஆய்வுகளை 2009-இல் தொகுத்தபோது, சராசரி ஏ.எச்.ஐ. 55-லிருந்து 16-க்கு வந்திருந்தது. பெரிய இறக்கம். ஆனால் 16 என்பது இன்னும் நடுத்தர வகை நோய்தான்! ஆஸ்திரேலியாவில் 60 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கிறது. இரைப்பையில் பேண்டு (இறுக்கும் பட்டை) போட்டவர்கள் சராசரியாக 28 கிலோ குறைந்தார்கள், உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் 5 கிலோ. ஏ.எச்.ஐ. முதல் குழுவுக்கு 25.5 இறங்கியது, இரண்டாம் குழுவுக்கு 14. எடையில் இருந்த அளவு வித்தியாசம் மூச்சில் இல்லை. புள்ளியியல்படி அதை உறுதியான வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஏனென்றால் தொண்டை அடைபடுவதற்குக் கொழுப்பு ஒரு காரணம் மட்டுமே. தாடை சிறியதாக இருப்பது, தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்வது, வயது, இவையெல்லாம் கத்திக்கு எட்டாதவை. 85 சதவீதம் பேருக்குக் குணமாகிவிடும் என்று ஒரு எண் அடிக்கடி அடிபடும். 2004-இல் வந்த ஒரு தொகுப்பாய்விலிருந்து எடுத்தது அது. ஆபரேஷனுக்குப் பிறகு முறையாகத் தூக்கப் பரிசோதனை செய்து பார்த்த ஆய்வுகள் அவ்வளவு தாராளமாகச் சொல்லவில்லை. நோயாளி "நல்லா இருக்கேன்" என்பார், மனைவி "குறட்டை இல்ல" என்பார். சத்தம் நின்றால் மூச்சுத்தடை நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை, சத்தமே இல்லாமலும் மூச்சு நிற்கலாம்.

ஆக, உங்கள் கணவருக்கு 47 என்பது பதினைந்து, இருபதுக்கு வரலாம். அதிர்ஷ்டமிருந்தால் அதற்கும் கீழே. மெஷினுக்கு விடைகொடுக்க முடிகிறவர்களும் உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியது ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, எடை ஒரு நிலைக்கு வந்த பிறகு எடுக்கும் இன்னொரு தூக்கப் பரிசோதனை. அதுவரை மெஷினை ஓஎல்எக்ஸில் போட்டுவிட வேண்டாம். எடை திரும்ப ஏறினால் மூச்சுத்தடையும் திரும்பும்.

பின்னே எதற்கு ஆபரேஷன் என்றால், இதயத்துக்கு. ஸ்லீப் ஆப்னியாவும் பருமனும் உள்ள 13,657 பேரின் மருத்துவப் பதிவுகளை கிளீவ்லேண்ட் கிளினிக் ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டது. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, மரணம் போன்ற பெரிய பாதிப்புகள் பத்து வருடத்தில் ஆபரேஷன் செய்தவர்களில் 27 சதவீதம் பேருக்கும், செய்யாதவர்களில் 35.6 சதவீதம் பேருக்கும் வந்திருந்தன. பழைய பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் இதை அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் எல்லாம் இறங்குவதோடு பொருந்திவருகிறது.

"ஆபரேஷன்தான் வருதே, அதுவரை மாஸ்க் எதுக்கு?"

நேர்மாறாகச் சொல்கிறேன்: வாழ்க்கையில் என்றாவது ஒரு நாள் அவருக்கு மாஸ்க் அவசியம் என்றால் அது ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களும் அதற்குப் பிந்தைய முதல் சில ராத்திரிகளும்தான். மயக்க மருந்தும் வலி மருந்தும் தொண்டைத் தசையைத் தளர்த்தி, மூச்சு நின்றால் விழித்துக்கொள்ளும் இயல்பையும் மழுங்கடிக்கும். அமெரிக்காவில் எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்ட 4,776 பேரைப் பார்த்து 2009-இல் வந்த ஆய்வில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். பெரிய சிக்கல்கள் யாருக்கு அதிகம் வந்தன என்ற பட்டியலில் ஸ்லீப் ஆப்னியாவும் இருந்தது. மெஷின் ஊதும் காற்றில் வயிற்றுத் தையல் பிரிந்துவிடுமோ என்ற பயம் சர்ஜன்களுக்கே ஒரு காலத்தில் இருந்தது. பார்த்தவரை அப்படி நடக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சொந்த மெஷினையும் மாஸ்கையும் பையில் எடுத்துப் போங்கள்.

மாத்திரை விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. டபாகிளிஃப்ளோசினை ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். பட்டினி நேரத்தில் அது, சர்க்கரை சாதாரணமாக இருக்கும்போதே, ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்தான நிலையைக் கொண்டுவரலாம். மயக்க மருத்துவரிடம் இந்த மாத்திரையின் பெயரை நீங்களே சொல்லுங்கள். கிளிமிபிரைடைப் பழைய அளவிலேயே ஆபரேஷனுக்குப் பின்னும் போட்டால் சர்க்கரை 50-க்கு விழும். பிரஷர் மாத்திரைக்கும் இதே கதைதான், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். முதல் மாதத்தில் மாத்திரை அளவுகள் வாரத்துக்கு வாரம் மாறும். அப்புறம், பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுசுக்கும். புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. கொங்கு வீட்டுச் சாப்பாட்டில் அதற்குத் தனியாகத் திட்டம் போடத்தான் வேண்டும், சாம்பாரில் இருக்கும் பருப்பு போதாது.

அத்தை சொல்வதும் புது ஊசியும்

உங்கள் மாமியாரின் பயம் நியாயமானது. பெற்ற பிள்ளையின் வயிற்றில் கத்தி வைப்பதை எந்தத் தாய் விரும்புவாள்? ஆனால் "வாயைக் கட்டினா போதும்" என்பது இந்த எடையில் பெரும்பாலும் நடக்காத காரியம். சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பு பசி ஹார்மோனைக் கூட்டி, செலவழிக்கும் சக்தியைக் குறைத்து, பழைய எடைக்கே இழுத்துப் போகும். அவர் மகனுக்கு மனஉறுதி போதவில்லை என்று நினைக்க வேண்டாம்.

கத்தி வேண்டாம் என்றால் வாரம் ஒரு முறை போடும் டிர்செபடைடு ஊசியை யோசிக்கலாம். 2025 மார்ச்சிலிருந்து இந்தியாவிலும் கிடைக்கிறது. 2024-இல் வந்த ஆய்வில் ஒரு வருடத்தில் ஏ.எச்.ஐ. சராசரியாக மணிக்கு 25 முதல் 29 முறை வரை குறைந்தது, அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா ஸ்லீப் ஆப்னியாவுக்கே இதை அனுமதித்தது. ஆனால் அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த ஊசியால் எடை கொஞ்சம் குறைவாகவே இறங்கும், நிறுத்தினால் திரும்ப ஏறும், மாதாமாதம் செலவு. கணைய அழற்சி வந்தவர்களுக்கு யோசித்துத்தான் தருவோம். ஆறு மாதம் ஊசியைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்று நீங்கள் சொன்னால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் அவருடைய 41 பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு), 8.9 சராசரி, 47 ஏ.எச்.ஐ. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், என் கை ஆபரேஷன் பக்கம்தான் சாய்கிறது.

இன்சூரன்ஸ் பற்றி: பிஎம்ஐ 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து கூடவே கடுமையான ஸ்லீப் ஆப்னியா, மருந்துக்குக் கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய் போன்றவை இருந்தால் எடைக்குறைப்பு ஆபரேஷனைக் காப்பீட்டில் விலக்கக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019 விதி சொல்கிறது. உங்கள் கணவர் இரண்டு வழியிலும் உள்ளே வருகிறார். பாலிசி எடுக்கும்போது சர்க்கரையைத் தெரிவித்தாரா, காத்திருப்புக் காலம் முடிந்ததா என்று பாருங்கள். தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். சிபாப் மெஷின் செலவைப் பல பாலிசிகள் தருவதில்லை.

பீரோ மேலிருந்து இறக்குங்கள்

1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் முதல் சிபாப்பை வேக்குவம் க்ளீனர் மோட்டாரை வைத்துத்தான் செய்தார். இன்றைய மெஷின்கள் அவ்வளவு கரடுமுரடு இல்லை. "மூச்சு முட்டுது" என்று அவர் சொல்வதற்குப் பெரும்பாலும் மாஸ்க் அளவோ அழுத்தமோ சரியில்லாததுதான் காரணம். மூக்கை மட்டும் மூடும் சின்ன மாஸ்க் கேட்டுப் பாருங்கள். அழுத்தத்தை மெதுவாக ஏற்றும் வசதியையும், மூக்கு வறளாமல் ஈரப்பதம் தரும் பகுதியையும் போட்டுவிடச் சொல்லுங்கள். முதல் ஒரு வாரம் சாயங்காலம் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு முகம் இளைத்து மாஸ்க் தளரும், தேவைப்படும் அழுத்தமும் குறையும். தானாக அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் முறையில் வைத்தால் தொல்லை குறைவு.

வேறு ரூமில் படுக்கலாமா என்று கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் படுங்கள். ராத்திரி முழுக்க அவர் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பது உங்கள் வேலை இல்லை, மாஸ்க் போட்டால் அந்தக் கணக்கை மெஷினே வைத்துக்கொள்ளும். எத்தனை மணி நேரம் போட்டார், எத்தனை முறை மூச்சு நின்றது என்பதெல்லாம் அதில் பதிவாகும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தப் பதிவை எடுத்துப் போங்கள். அதற்கு முன்னால், போனில் நீங்கள் எடுத்து வைத்திருப்பதாக எழுதியிருக்கும், அவர் தூங்கும் அந்த மூன்று நிமிட வீடியோவை அவருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறீர்களா? காட்டவில்லை என்றால் இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு காட்டுங்கள். அத்தையும் கூட இருக்கட்டும்.